எந்தக் கோர்ட்டு, எந்த மனு, யாருடைய சம்பளச் சீட்டு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டினால், ஒரகடத்துக்கு முன்பாகச் சேரப்பணஞ்சேரி. ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால், 2019 நவம்பர் 29 அன்று தனியாகப் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டம் தொடங்கிவிடுகிறது. காவல் எல்லை இன்னொரு விதமாக ஓடுகிறது: பக்கத்து மணிமங்கலமும் சோமங்கலமும் 2022-இல் உருவான தாம்பரம் காவல் ஆணையரகத்துக்குப் போய்விட்டன, ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டக் காவல்துறையிடமே இருக்கிறது. இந்த வட்டாரத்தில் புதிதாகப் பலகை மாட்டும் வழக்கறிஞரிடம் கணவனோடு சண்டை என்று வரும் பெண் முதலில் கேட்பது ஜீவனாம்சத்தைப் பற்றி அல்ல. "நான் எந்தக் கோர்ட்டுக்குப் போகணும் சார்?" என்றுதான் கேட்கிறாள்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல ஒரு நல்ல ஜூனியருக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பெண்ணுக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம். கல்யாணம் அங்கே நடந்தது. குடித்தனம் படப்பையில் வாடகை வீட்டில். கணவனுக்கு ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் வேலை. சண்டைக்குப் பிறகு தாம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறான். அவள் சுங்குவார்சத்திரத்தில் ஒரு செல்போன் ஆலைக்குப் போகிறாள், விடுதியில் தங்குகிறாள். இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி கல்யாணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனு போடலாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு, மனைவி மனுதாரர் என்றால் அவள் வசிக்கும் இடத்திலும் போடலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு இன்னும் தாராளமானது: தற்காலிகமாகத் தங்கும் இடமும் வேலை பார்க்கும் இடமும் போதும். ஆக, விடுதிக் கட்டிலே அவளுக்கு ஒரு நீதிமன்ற எல்லையைக் கொடுத்துவிடுகிறது. குடும்பநல நீதிமன்றம் அமைக்கப்பட்ட எல்லையில் அங்கே. அமைக்கப்படாத இடத்தில் விவாகரத்து மனு சார்பு நீதிமன்றத்துக்கும் ஜீவனாம்ச மனு மாஜிஸ்திரேட்டுக்கும். செய்யாற்றில் போட்டால் அப்பா துணைக்கு வருவார், ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். ஸ்ரீபெரும்புதூரில் போட்டால் ஷிப்டு முடிந்து வந்துவிடலாம், ஆனால் சாட்சி சொல்ல ஊர்க்காரர் யாரும் வரமாட்டார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டத் தெரிந்த ஜூனியர், சட்டக் கல்லூரி சொல்லித்தராத ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

இந்த ஆலை வட்டாரத்தில் வக்கீல் தொழில் என்றால் சீனியர்கள் கண்ணுக்குத் தெரிவது வேறு: சிப்காட் நில எடுப்பு இழப்பீடு, சாலை விபத்து இழப்பீடு, தொழிலாளர் தாவா, ஜாமீன். குடும்ப வழக்கு அவர்களுக்கு இரைச்சல். கட்சிக்காரர் அழுவார், ராத்திரி போன் பண்ணுவார், நாளைக்கே சமாதானமாகிப் போய்விட்டு அடுத்த மாதம் திரும்பி வருவார். அதனால் வழக்குக் கட்டு ஜூனியர் கைக்கு வருகிறது. 'டைவர்ஸ் கேஸ்தானே, நீ பார்த்துக்கோ' என்று தள்ளிவிடப்படும் இந்தக் கட்டில்தான் சிவில், கிரிமினல், சொத்து, சாட்சியம், நிறைவேற்றுதல் எல்லாம் ஒரே குடும்பத்தின் மேல் வந்து உட்காருகின்றன. இதைவிடக் கடினமான பயிற்சிக்களம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதைவிட எளிதாகத் தப்பு செய்யக்கூடிய களமும் இல்லை.

முதலில் வயிற்றுப்பாடு. 2024 ஜூலை 30 அன்று கவுரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பார் கவுன்சில்கள் வாங்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூன் மாதம், சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகை தரவேண்டும் என்று சொல்லியிருந்தது: சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. தமிழக அரசு 2020-இல் புதிய வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் தருவதாக அறிவித்ததும் உண்டு. ஆணை இருப்பது ஒன்று, மாதக் கடைசியில் கைக்கு வருவது ஒன்று. தாலுகா ஊரில் பல சீனியர்களின் சொந்த வருமானமே மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும்போது, ஜூனியர் தானாக நாலு கட்டு பிடிக்கப் பார்ப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த அவசரத்தில் எங்கே சறுக்குகிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

சறுக்கும் முதல் இடம் கல்யாணம் செய்துவைப்பது. ஆலைகளில் வேலை பார்க்கும் இருபது இருபத்திரண்டு வயதுப் பையனும் பெண்ணும் சாதி மாறிக் காதலித்தால் நேரே வருவது ஒரு இளம் வக்கீலிடம்தான். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சட்ட வசதியும் உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. புரோகிதர் வேண்டாம், நண்பர்கள், உறவினர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் போதும். வக்கீல் தன் அலுவலகத்தில் நடத்திவைக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் பாலகிருஷ்ணன் பாண்டியன் வழக்கில் சொன்னது. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். நண்பராக, உறவினராக, சமூக சேவகராக வழக்கறிஞர் முன்னிலை வகிக்கலாம். வழக்கறிஞர் என்ற தொழில் தகுதியில் அல்ல. இதை ஒரு 'பேக்கேஜ்' ஆக்கி, மாலை முதல் பதிவுச் சான்றிதழ் வரை ஒரே தொகை என்று விற்கிறவர், நாளைக்கு அதே கல்யாணம் நடந்ததா இல்லையா என்ற வழக்கில் சாட்சிக்கூண்டில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் டோலி ராணி வழக்கில், சடங்கே நடக்காத இடத்தில் பதிவுச் சான்றிதழ் மட்டும் ஒரு இந்து திருமணத்தை உண்டாக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. 7-ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டும்தான். பையன் கிறிஸ்தவர் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம், முப்பது நாள் அறிவிப்பு. அந்த முப்பது நாளும் அவர்கள் உயிரோடு பத்திரமாக இருக்க வேண்டும் என்பது சட்டப் புத்தகத்துக்கு வெளியே உள்ள கவலை. அதற்காகத்தான் 2018-இல் சக்தி வாகினி தீர்ப்பு பாதுகாப்பு இல்லம், காவல்துறையின் சிறப்புப் பிரிவு என்று விதிமுறைகள் வகுத்தது. அந்தத் தீர்ப்பைச் சுட்டி எழுதிய ஒரு பாதுகாப்பு மனு, மாலையையும் மோதிரத்தையும்விட அந்த ஜோடிக்கு உதவும்.

இரண்டாவது சறுக்கல் பிரித்துவைப்பது. முத்திரைத் தாளில் 'இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் வாங்கிக்கொண்டு பிரிகிற வழக்கம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் உண்டு. பத்திரம் எழுதித்தரச் சொல்லி ஜூனியரிடம் வருவார்கள். கையில் பணமும் வைப்பார்கள். வழக்காற்று மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சாதியில், அந்த வட்டாரத்தில், தொன்றுதொட்டு அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று சாட்சியத்தோடு நிரூபித்தால்தான். இல்லையென்றால் அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொள்ளும் பெண்ணுக்கு இரண்டாவது கணவன் சட்டப்படி கணவனே இல்லை; ஜீவனாம்சம் கேட்கப் போனால் அப்போதுதான் தெரியவரும். மெட்ராஸ் மாகாணம் 1949-லேயே, மத்தியச் சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே, இருதார மணத்தைத் தடுத்து இந்துக்களுக்கு விவாகரத்தும் கொடுத்தது. அப்படிப்பட்ட மாநிலத்தில் முத்திரைத் தாள் விவாகரத்து இத்தனை காலம் தாக்குப்பிடித்திருப்பதற்குக் காரணம் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும் காலம்தான் என்று நினைக்கிறேன். பத்திரம் கேட்டு வருகிறவர்களிடம் 13-பி பிரிவின் பரஸ்பர சம்மத மனுவை விளக்கிச் சொல்லலாம். ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் தீர்ப்பு வந்துவிட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், போகட்டும்.

மூன்றாவதுதான் பெரியது. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவன் மனைவி தகராறு என்று வந்தால் எல்லா வழக்கையும் ஒன்றாகப் போட்டுவிடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. மகளிர் காவல் நிலையத்தில் கொடுமைப் புகார், மாஜிஸ்திரேட்டிடம் குடும்ப வன்முறை மனு, ஜீவனாம்ச மனு, விவாகரத்து மனு. எதிர்த்தரப்பிலிருந்து சேர்ந்து வாழக் கோரும் மனு, குழந்தைக்காக இன்னொரு மனு. 2024 ஜூலை 1-க்குப் பிறகு பிரிவு எண்கள் மாறின: 498-ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவு, 125 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. பழக்கம் மாறவில்லை. ஒரு மனுவுக்கு ஒரு பீஸ், ஒரு வாய்தாவுக்கு ஒரு பீஸ் என்று கணக்கு ஓடும் தொழிலில், ஆறு வழக்கு ஆறு மடங்கு வருமானமாகத் தெரிவது இயல்பு. கட்சிக்காரரும் அதைத்தான் கேட்பார்: 'எல்லாத்தையும் போடுங்க சார், அவன் அலையட்டும்.' அலைவது இருவருமே. ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறவருக்கு மாதம் நாலு வாய்தா என்றால் வேலையே போய்விடும். வேலை போனால் ஜீவனாம்சம் எங்கிருந்து வரும்?

பணத்தைவிடப் பெரிய ஆபத்து காகிதத்தில் இருக்கிறது. காவல் நிலையப் புகாரை ஒருவர் எழுதுவார், வன்முறை மனுவைப் பாதுகாப்பு அலுவலர் நிரப்புவார், விவாகரத்து மனுவை ஜூனியர் தட்டச்சு செய்வார். புகாரில் அவள் வீட்டை விட்டு வெளியேறியது தை மாதம், மனுவில் பங்குனி. ஒன்றில் நகை பதினைந்து பவுன், இன்னொன்றில் இருபது. இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நாலு மனுக்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு கேட்கும்போது, உண்மையிலேயே அடிபட்ட பெண்ணும் பொய் சொல்கிறவள் போல நிற்பாள். எனவே முதல் சந்திப்பில் செய்ய வேண்டியது நிகழ்வு வரிசை. நிச்சயதார்த்தம் முதல் நேற்றுவரை, தேதி, இடம், கூட இருந்தவர் யார், அதற்கு என்ன காகிதம். தேதி நினைவில்லை என்றால் 'தீபாவளிக்கு முந்தின வாரம்' என்றே எழுதிக்கொள்ளலாம், தேதியைக் கற்பிக்கக்கூடாது. அந்த வரிசையிலிருந்துதான் எல்லா மனுவும் பிறக்க வேண்டும்.

குறைவாகப் போடுவது என்றால் கோழைத்தனம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடி, மிரட்டல், வீட்டை விட்டு விரட்டல் இருக்கும் இடத்தில் தயங்கவே கூடாது. எந்தக் காவல் எல்லை என்ற சாக்கில் நிலையத்தில் அலைக்கழித்தால், எல்லை பாராமல் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்வதை எடுத்துக்காட்ட வேண்டும்; புகார் கொடுத்ததற்கு மனு ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. ஆனால் பல வழக்குகளில் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் ஒரே மனுவில் பாதுகாப்பு, குடியிருப்பு, பண உதவி, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு எல்லாமே கேட்க முடியும். மாமியார் பெயரில் இருக்கும் வீடானாலும் அது பகிர்ந்து வாழ்ந்த இல்லமாக இருக்கலாம் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா தீர்ப்பு கதவைத் திறந்துவிட்டது. கொடுமைப் புகார் போட்டபின் இருவரும் சமாதானமானால் அதை முடிக்க உயர் நீதிமன்றம் வரை போய் ரத்து வாங்க வேண்டும். அந்தச் செலவையும் நாளையும் முதல் நாளே கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டும். பொய்ப்புகார் பெருகிவிட்டது என்று ஒரு தரப்பு, புகாரே கொடுக்க முடிவதில்லை என்று ஒரு தரப்பு. இரண்டும் ஒரே தெருவில் நடப்பதைக் குடும்ப வழக்கு நடத்துகிறவர் பார்க்கத்தான் செய்வார். எந்தத் தரப்புக் கோஷத்துக்கும் தன் மனுவைத் தூக்கிக் கொடுக்காமல் இருந்தால் சரி.

இனி சம்பளச் சீட்டு. இந்த வட்டாரக் குடும்ப வழக்கின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1990-களின் பிற்பகுதியில் கார் செய்யத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. ஆலை வாசலில் பெரிய பெயர்ப்பலகை இருக்கும். மனுவில் 'எதிர்மனுதாரர் இன்ன கம்பெனியில் வேலை பார்த்து மாதம் அறுபதாயிரம் சம்பாதிக்கிறார்' என்று எழுதிவிடுவார்கள். விசாரித்தால் அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். சம்பளம் கொடுப்பது வேறு நிறுவனம். கையில் வருவது அதில் மூன்றில் ஒரு பங்கு. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கியது. ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து வழங்கப்பட வேண்டும் என்றது. ஒரு வழக்கில் வாங்கிய தொகையை அடுத்த வழக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றது. ஜூனியர் மனப்பாடம் செய்ய வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டென்றால் இதுதான். அந்தப் பத்திரத்தை 'இல்லை, தெரியாது' என்று நிரப்பிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அதை முழுதாக நிரப்பவும், எதிரியின் பத்திரத்தில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடிக்கவும் கற்றவருக்கு இடைக்கால மனுவிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். ஓவர்டைம் எவ்வளவு, ஊக்கத்தொகை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, வருங்கால வைப்பு நிதிப் பாஸ்புக்கில் முதலாளி என்று பதிவாகியிருப்பது யார், வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த மறுநாள் யாருக்குப் பணம் போகிறது என்பவைதான் கேள்விகள். நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று 2017-இல் கல்யாண் டே சவுத்ரி வழக்கில் சொல்லப்பட்டது. அதை வாய்ப்பாடாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம், பேச்சுவார்த்தையில் ஒரு அளவுகோலாக உதவும்.

ஆணை வாங்குவது எளிது, வசூலிப்பது கடினம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, கொடுக்கத் தவறினால் முதலாளியே நேரடியாக மனைவிக்குச் சம்பளத்திலிருந்து செலுத்த உத்தரவிடலாம் என்கிறது. ஆலைகள் நிறைந்த ஊரில் இதைவிடக் கூரான கருவி இல்லை. இங்கேதான் ஒப்பந்தக்காரரின் பெயரும் முகவரியும் தேவைப்படும். வாசலில் உள்ள பெரிய கம்பெனிக்கு அனுப்பிய உத்தரவு 'இவர் எங்கள் ஊழியர் அல்ல' என்ற ஒரு வரிப் பதிலோடு திரும்பிவிடும். சாதாரணக் கடன் தீர்ப்புக்குச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் விலக்கு. வருங்கால வைப்பு நிதியை ஜப்தி செய்ய முடியாது. 144-ஆவது பிரிவின் கீழ் பாக்கி வசூலிக்க, தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். இந்த ஓராண்டுக் கெடுவைத் தவறவிட்டால் கட்சிக்காரரின் பணம் போகும், ஊரில் வக்கீலின் பெயரும் போகும்.

வேலை நிலைக்காத ஊர் இது என்பதையும் மறக்கலாகாது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் திறந்தது, 2014 நவம்பர் 1 முதல் மூடப்பட்டது. பக்கத்து மறைமலை நகர் ஃபோர்டு 2021-இல் விடைபெறுவதாக அறிவித்தது. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. ஆலை மூடினால் ஜீவனாம்சம் தானாக நிற்காது. சூழ்நிலை மாறியது என்று மனுப் போட்டு மாற்றி வாங்க வேண்டும். கணவன் தரப்புக்கு ஆஜராகும் ஜூனியர் இதை முதல் மாதமே சொல்லாவிட்டால் பாக்கி மலையாகக் குவிந்து வாரண்டில் வந்து நிற்கும்.

பெண்கள் கையிலும் இங்கே சம்பளம் இருக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகத்தை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் திறந்துவைத்தார். மனைவி சம்பாதிக்கிறாள் என்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது. சம்பாதிக்கும் திறனும் சம்பாதிப்பதும் ஒன்றல்ல என்று 2017-இல் ஷைலஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே சமயம் இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் கணவனும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆலையை நடத்தும் ஃபாக்ஸ்கான் அதை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்காகக் கழுத்துத் தாலியையும் கால் மெட்டியையும் கழற்றிவிட்டு 'மணமாகாதவர்' என்று படிவத்தில் எழுதிய ஒரு பெண், பின்னாளில் மனைவி என்று மனுப் போட்டால் அந்தப் படிவம் கோர்ட்டுக்கு வரக்கூடும். முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். கேட்கும் விதத்தில் அவளைக் குற்றவாளியாக்கக் கூடாது.

செல்போன் இப்போது எல்லாக் கட்டிலும் இருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்பு விவரத்தை ஏற்க முடியாது என்று மதுரைக் கிளை 2024 அக்டோபரில் சொன்னது. 2025 ஜூலையில் விபோர் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், துணைவருக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலையும் மண வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. தீர்ப்பு எப்படியிருந்தாலும் வேவு பார்க்கக் கற்றுக்கொடுப்பது வக்கீல் வேலை அல்ல. இருக்கிற பதிவை அழிக்காமல், போனை மாற்றாமல், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்யச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பிரிண்ட் எடுத்து இணைப்பவர்கள் அதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யும் நிலையில் திணறுகிறார்கள்.

விவாகரத்து மட்டும்தான் குடும்பச் சட்டம் என்று நினைப்பதும் பிழை. சிப்காட்டுக்கு நிலம் போன குடும்பங்களில் இழப்பீடு வந்ததும் அண்ணன் தங்கை வழக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாடு 1989-லேயே, மார்ச் 25 முதல் அமலுக்கு வரும்படி, அன்றைக்கு மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005 மத்தியத் திருத்தமும் 2020 வினிதா சர்மா தீர்ப்பும் மணமான மகள்களையும் சேர்த்தன. பாகப் பத்திரம் 2004 டிசம்பர் 20-க்கு முன்னதா பின்னதா என்ற ஒரு தேதியில் கோடிக்கணக்கான ரூபாய் நிற்கும். வரவும் இதில்தான் அதிகம். மண வழக்கில் நம்பிக்கை பெற்ற குடும்பம் பாக வழக்கையும் அதே வக்கீலிடம் கொண்டுவரும்.

பீஸ் விஷயத்தில் சில கோடுகள் உண்டு. ஜீவனாம்சத்தில் பங்கு பேசிக்கொள்வதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. விளம்பரமும் கூடாது, இணையத் தரகுத் தளங்களில் வக்கீல்களின் விளம்பரங்களை நீக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. வாய்தாவுக்கு இவ்வளவு என்று வாங்குவதைவிட, மனுத் தாக்கல், இடைக்கால உத்தரவு, சாட்சியம், வாதம் என்று கட்டத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே எழுதிக்கொடுப்பது நல்லது. வாய்தா தள்ளிப்போவதில் தனக்கு லாபம் இல்லாதபடி அமைத்துக்கொண்டவரைக் கட்சிக்காரர் நம்புவார். பரஸ்பர சம்மத மனுவுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்தால் ஒருவருக்கு மட்டும் ஆஜராகிவிட்டு மற்றவரை வேறு வக்கீலிடம் அனுப்புவது பாதுகாப்பு. இருவருக்குமே ஆலோசனை சொன்னபின் ஒருவர் மனம் மாறினால் யாருக்கும் ஆஜராக முடியாது.

குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் 1984-இன் 13-ஆவது பிரிவுப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை அல்ல, அனுமதி. நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது; ஆனால் அந்த மனுவையும் வக்காலத்தோடு சேர்த்துப் போட மறந்து முதல் வாய்தாவை வீணாக்குகிற ஜூனியர்கள் உண்டு. அங்கே சமரசம் நீதிபதியின் கடமை. இந்தியாவிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்கு வழிகாட்டினார். சமரச அறையில் கட்சிக்காரர் பேசட்டும், வக்கீல் வாயை மூடிக்கொண்டு கவனிக்கட்டும். நடுவில் தூது போவது, எதிர்த்தரப்பு மச்சானிடம் போனில் பேசுவது, ராத்திரி பதினொரு மணிக்கு ஆறுதல் சொல்வது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்கவில்லை என்றால் கட்சிக்காரரின் கோபம் ஒருநாள் வக்கீலின் கோபமாக மாறிவிடும், மனுவில் அது தெரியும். இளம் பெண் வழக்கறிஞர்களுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. எதிர்த்தரப்பு உறவினர்கள் கோர்ட்டு வாசலில் வந்து பேசினால் நின்று பதில் சொல்லத் தேவையில்லை. அலுவலக எண் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வாசல் இலவசச் சட்ட உதவி. 1987 சட்டத்தின் 12-ஆவது பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் வக்கீல் தரச் சொல்கிறது. அதே பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார். ஒரகடம் ஆலைகளில் வேலை பார்க்கும் கணவன் மனைவி இருவருமே அந்த உதவிக்குத் தகுதியானவர்கள் என்பது இங்குள்ள பெரும்பாலோருக்குத் தெரியாது. பட்டியல் வழக்கறிஞராகச் சேர மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். சம்பளம் அதிகமில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் குறுக்கு விசாரணை எண்ணிக்கை எந்த சீனியர் அலுவலகத்திலும் ஜூனியருக்குக் கிடைக்காது. மூன்று ஆண்டு ஆகாதவர்கள் 15100 என்ற உதவி எண்ணையாவது மேசைமேல் எழுதி வைத்துக்கொண்டு, பீஸ் கொடுக்க முடியாதவரைக் கைவிடாமல் அங்கே அனுப்பலாம்.

தீர்ப்பு வந்த அன்றும் வேலை முடிவதில்லை. சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போட வேண்டும். மேல்முறையீட்டுக்குக் குடும்பநல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு 90 நாள் என்கிறது. கட்சிக்காரருக்கு மேல்முறையீடு தேவை என்றால் 30 என்று வைத்துக்கொள்வது நல்லது, மறுமணம் தேவை என்றால் 90 என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் காலம் முடிந்தபிறகுதான் 15-ஆவது பிரிவு மறுமணத்துக்கு வழிவிடுகிறது. பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. எதிர்த்து நடந்த வழக்கில் மேல்முறையீடு தாக்கலாகியிருக்கிறதா என்று உயர் நீதிமன்ற வழக்கு நிலையைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தீர்ப்பைக் கையில் வாங்கும் முன்பே கட்சிக்காரர் கேட்பார்: 'அடுத்த தை மாசம் முகூர்த்தம் பார்க்கலாமா சார்?'